கானாவூரில் விட்டுப்போன கேள்வி

பிப்ரவரி 3, ஞாயிறு. தூத்துக்குடி

சேசு, மரி, சூசை துணை.

பெட்டி கட்டியாயிற்று. இட்லிப் பொடி, மாசிக் கருவாட்டுச் சம்பல், எலுமிச்சை ஊறுகாய், அவல், சுக்குக் காப்பித் தூள். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்து கொடுத்த நாட்டுக்குத்தான் போகிறோம். ஆனால் எங்கள் குழுவில் ஒருவருக்கும் அதில் நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு மூட்டைச் சாப்பாடு.

தெருக்காரர்கள் கொடுத்துவிட்டவை தனிப் பை. ஆண்டவருடைய கல்லறையில் வைத்து எடுத்துவர வேண்டுமாம். ஜெபமாலைகள், கைக்குட்டைகள், ஒரு மருமகளுடைய ரவிக்கைத் துண்டு (மனம் மாற), ஒரு வீட்டுப் பத்திரத்தின் நகல் (வழக்கு ஜெயிக்க). ஆண்டவர் உயிர்த்தெழுந்து போனது இந்தப் பைக்குப் பயந்துதானோ என்னவோ.

மாலையில் எஸ்கலின் அக்கா வந்தாள். எங்கள் கோவில் பக்தி சபையான மரியாயின் சேனைக்குத் தலைவி. எங்களோடு வருகிறாள். காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ஏட்டி அமலி, உன் மவளுக்கு இது மாசமாச்சே. தலப்பிரசவம். நீ பாட்டுக்குப் பொட்டியக் கட்டிட்டியே?"

"நாங்க நவம்பர்லயே பேர் குடுத்துட்டோம்க்கா. தேதிய மாத்த முடியாதுன்னு டிராவல்ஸ்காரன் சொல்லிட்டான்."

"நவம்பர்லயே தெரியுமே, பிப்ரவரின்னு?"

"எது? பயணமா?"

"பேறுகாலம்."

"கடவுளுக்குச் செய்ய வேண்டியத முதல்ல செய்வோம்" என்றேன். அதற்கு மேல் மரியாயின் சேனைத் தலைவி என்ன பேச முடியும்?

இந்தப் பதிலை மூன்று மாதமாகச் சொல்லி வருகிறேன். நன்றாகவே ஓடுகிறது. மீன்காரி முதல் உபதேசியார் வரை எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊரிலே இருந்துகொண்டு பெற்ற பிள்ளையைப் பேறுகாலத்துக்குக் கூட்டி வரவில்லையென்றால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பார்கள். புனித பூமிக்குப் போனவளை யார் கேட்பார்?

ரெஜிலா எங்களுக்கு ஒரே பிள்ளை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நாசரேத்துக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள். சேசு வளர்ந்த நாசரேத்து இல்லை, இங்கே திருச்செந்தூர் பக்கம் இருக்கிற நாசரேத். சி.எஸ்.ஐ. கோவிலில், அவர்கள் முறைப்படி. ஆயரிடம் அனுமதி கேட்கவில்லை, நம் கோவிலில் கலியாண ஓலை வாசிக்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அன்றைக்கே பனிமய மாதாவின் முன்னால் நின்று சத்தியம் செய்துவிட்டேன்: அந்த வீட்டு நடையை நான் மிதிக்க மாட்டேன், என் வீட்டு நடையை அவள் மிதிக்கக் கூடாது. மாதாவுக்குக் கொடுத்த வாக்கு. விளையாட்டா?

பிப்ரவரி 5, செவ்வாய். சென்னை விமான நிலையம்

குழுவில் முப்பத்தாறு பேர். கூட்டிப்போகிறவர் லெயோ சாமியார். வயது நாற்பதுகூட இராது. கையில் மஞ்சள் கொடி. "கொடியப் பாத்து நடங்க. ஜெபமாலை அப்புறம் சொல்லிக்கிடலாம். ஜெபமாலை சொல்லிக்கிட்டே போன தடவ ஒரு அம்மா வேற குரூப்போட சிரியா பக்கம் போயிட்டாவ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எஸ்கலின் அக்கா மட்டும் ஜெபமாலையைப் பையில் வைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் பெயர் கஸ்பார். மூன்று ராஜாக்களில் இந்தப் பெயருள்ள ஒருவர் ஏற்கெனவே அந்த நாட்டுக்கு ஒட்டகத்தில் போய், பாலன் சேசுவுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் கஸ்பார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கழுத்துக்கு வைக்கிற காற்றுத் தலையணையைக் கொண்டுவந்திருக்கிறார். வேறு காணிக்கை எதுவும் கண்ணில் படவில்லை.

போன ஒரு வருடமாக இவர் வாரம் தவறாமல் வங்கிக்குப் போகிறார். வங்கியிலிருந்து திரும்பும்போது பையில் கருப்பட்டி இருக்கும். வங்கியில் கருப்பட்டியும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் கேட்டதில்லை. நாசரேத்துப் பக்கத்துக் கருப்பட்டி, நல்ல கருப்பட்டி. கணக்கில் 'இனாம்' என்று எழுதிவிடுவேன்.

பிப்ரவரி 6, புதன். அம்மான்

குளிர். எல்லோரும் குரங்குக் குல்லா. புகைப்படத்தில் யார் யார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

நேபோ மலைக்குப் போனோம். மோசே இங்கிருந்துதான் வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்தாராம். பார்க்க மட்டும் விட்டார்கள், உள்ளே போக விடவில்லை. நாற்பது வருடம் அத்தனை பேரைக் கட்டி மேய்த்தவருக்கு ஒரு தடவை கோபம் வந்து பாறையை அடித்துவிட்டார், அதற்காக. "ஒரு கோபத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா சாமி?" என்று யாரோ கேட்டார்கள். லெயோ சாமியார், "கோபத்துல செய்யுற காரியத்துக்கு வெல எப்பமும் கூடத்தான்" என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரே மூடுபனி. மோசே என்னத்தைப் பார்த்தாரோ.

பிப்ரவரி 7, வியாழன். பெத்லகேம்

எல்லையில் பாதி நாள் போய்விட்டது. என் மாசிச் சம்பல் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்த அந்தப் பெண் போலீஸ் இனி வாழ்நாளில் யார் பையையும் திறக்கமாட்டாள்.

பிறப்பின் கோவிலுக்கு வாசல் இடுப்பளவுதான். குனிந்துதான் போக வேண்டும், தாழ்ச்சிக்காக. எஸ்கலின் அக்கா குனியாமல் முட்டிக்கொண்டாள். வீங்கிவிட்டது. "ஆண்டவருக்காகப் பட்ட காயம்" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு வருகிறாள். காயம் ஆண்டவருக்காகப் பட்டது, தைலம் என்னுடையது.

பக்கத்தில் பால் குகை என்று ஒரு சிறு கோவில். மாதா பாலூட்டும்போது ஒரு துளி சிந்தி, கல்லெல்லாம் வெளுத்துவிட்டதாம். அந்தக் கல்லின் பொடியைப் பொட்டலமாகக் கொடுக்கிறார்கள். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊற, தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம் கிடைக்க. நானும் ஒன்று வாங்கினேன். யாருக்கென்று குறிப்பில்லை. வீட்டில் இருந்தால் எதற்காவது ஆகும்.

இவர் பார்த்துவிட்டார். "யாருக்கு அமலி?" என்றார்.

"உங்களுக்குத்தான். ராத்திரி தூக்கம் வரலன்னீயல்லா."

"அதுக்குப் பாலா குடுப்பாவ?"

"குடுத்தாலும் குடுப்பாவ" என்றேன்.

பிப்ரவரி 8, வெள்ளி. எருசலேம்

சிலுவைப் பாதை. கடைத்தெருவுக்கு நடுவே. ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் செருப்புக் கடையில் தள்ளுபடி. நம்மவர்கள் அதையும் விடவில்லை.

கல்லறைக்குள் போக வரிசை. உள்ளே போனதும் துறவி ஒருவர் கையைக் கையை ஆட்டி, போ போ என்கிறார். எல்லா ஊர்க் கோவிலிலும் இதற்கென்று ஒருவர் இருப்பார் போல. பையை அப்படியே கல்லின் மேல் வைத்து எடுத்தேன். எல்லோருக்கும் வேண்டினேன். பத்திரத்துக்கும் வேண்டினேன். ரவிக்கைத் துண்டுக்கும் வேண்டினேன். எனக்கு என்ன வேண்டுவது என்று யோசிப்பதற்குள் துறவி தோளைத் தட்டிவிட்டார்.

பிப்ரவரி 9, சனி. எரிகோ, திபேரியா

யோர்தான் ஆறு நம் வாய்க்கால் அளவுகூட இல்லை. ஒரு புட்டி தண்ணீர் எடுத்துக்கொண்டேன். சாக்கடலில் ஆண்கள் மிதந்தார்கள். இவரும் மிதந்தார். முப்பத்து நாலு வருடத்தில் இவர் இவ்வளவு கவலையில்லாமல் படுத்து நான் பார்த்ததில்லை. கரையில் வைத்திருந்த கைப்பேசி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. எனக்கு வருகிற அழைப்பு இல்லை.

சாயந்தரம் கலிலேயாவுக்கு வந்துவிட்டோம். இவர் அறை வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறார். "என்னவாம்?" என்றேன். "சும்மா. செரிக்கல" என்றார். ஒரு பருக்கை சோறு தின்னவில்லை, என்ன செரிக்க?

பிப்ரவரி 10, ஞாயிறு. நாசரேத்து, கானாவூர்

காலையில் பேருந்தில் எல்லோருக்கும் இவர் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். ஓட்டுநருக்கும் கொடுத்தார். முப்பத்தாறு பேருக்குத் தன் காசில் எதையும் வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. கண் சிவந்திருக்கிறது.

"என்னண்ணே விசேஷம்?" என்றாள் எஸ்கலின் அக்கா.

"நாசரேத்துக்குப் போறோம்லா" என்றார்.

நாசரேத்து பெரிய கோவில். மாதாவுக்குத் தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன குகை. முழந்தாளில் இருக்கும்போது எஸ்கலின் அக்கா காதில் வந்து, "உனக்கு இது ரெண்டாவது நாசரேத்தாட்டி?" என்றாள்.

"மொதலாவது. அதுக்கு நான் போனதில்ல."

"அதுக்கு ஒரு மணி நேரந்தான் பஸ்ஸு."

"இதுக்குப் பாவ மன்னிப்பு உண்டும்க்கா. அதுக்கு என்ன உண்டு?"

வாயை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டிருக்கலாம்.

மதியம் கானாவூர். திருமண வாக்குறுதியைப் புதுப்பித்தார்கள். வெயில் இல்லை. சாப்பாட்டுக்குக் கோழி. தண்ணீருக்குக் காசு வாங்குகிறார்கள். ஆண்டவர் ஏன் திராட்சை ரசமாக மாற்றினார் என்று இப்போது புரிகிறது.

பிப்ரவரி 11, திங்கள். திபேரியா

நேற்று எழுதியது சரியில்லை. வீட்டுக் கணக்கில் ஒரு செலவை எழுதாமல் விட்டால் கடைசியில் கையிருப்பு இடிக்கும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று விடுகிற ஆளும் நான் இல்லை. ஆகையால் நேற்றைய கானாவூரை மறுபடி எழுதுகிறேன்.

கானாவூர்க் கோவிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆண்டவர் கலியாண வீட்டுக்கு வந்த ஊர் என்பதால், வருகிற தம்பதிகள் எல்லோரும் பீடத்தின் முன்னால் ஜோடியாக நின்று, கலியாணத்தன்று சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டும். முடிந்ததும் பெயர் எழுதி ஒரு சான்றிதழ் தருவார்கள். எங்கள் குழுவில் பதினோரு ஜோடி. ஆண்கள் தலையைச் சீவிக்கொண்டார்கள். ஒருத்தருக்குச் சீவத் தலையில் ஒன்றும் இல்லை, இருந்தும் சீவினார்.

லெயோ சாமியார் ஒவ்வொரு ஜோடியையும் கேட்டார். மனமுவந்துதான் வந்தீர்களா? ஒருவரையொருவர் நேசித்து மதித்து வாழ்வீர்களா? எல்லோரும் ஆமாம் சாமி என்றார்கள். எங்கள் முறை வந்தது. இரண்டு கேள்விக்கும் நான் ஆமாம் சொன்னேன். இவரும் சொன்னார். சாமியார் கையை ஒன்றாக வைக்கச் சொன்னார்.

இவர் கையைக் கொடுக்கவில்லை.

"சாமி, ஒரு கேள்விய விட்டுட்டீய" என்றார்.

"எதய்யா?"

"மூணாவது ஒண்ணு உண்டுல்லா. கலியாணத்தன்னைக்குக் கேப்பாவல்லா."

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது புதுப் பொண்ணு மாப்பிளைக்குள்ளது. கடவுள் தருகிற பிள்ளைகள அன்போட ஏத்துக்கிடுவீங்களான்னு. உங்க வயசுக்கு இனி என்னத்த ஏத்துக்கப் போறீயன்னு நாந்தான் விட்டுட்டேன்."

கோவிலே சிரித்தது. "கஸ்பார் அண்ணனுக்கு ஆசயப் பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இவர் சிரிக்கவில்லை. "பரவால்ல சாமி. எங்களுக்குக் கேளுங்க" என்றார்.

சாமியார் இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, புத்தகத்தைத் திருப்பிக் கேட்டார். கடவுள் உங்களுக்குத் தரும் பிள்ளைகளை அன்போடு ஏற்றுக்கொள்வீர்களா?

"ஏத்துக்கிடுதேன்" என்றார் இவர். துறைமுகத்தில் கிரேன்காரனுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'ஆமாம்' என்பது ஒரே சொல். எத்தனையோ திருமணத்தில் மணப்பெண்கள் தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டுப் போகிற சொல். தரையில் சதுரச் சதுரமாகக் கல் பதித்திருந்தார்கள். ஒரு கல்லில் கீறல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா?" என்றார் சாமியார்.

"தல சுத்துது சாமி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

எஸ்கலின் அக்கா தைலத்தோடு ஓடிவந்தாள். என் தைலம். பக்தியில் மயங்கிவிட்டேன் என்று அவளே எல்லோருக்கும் சொன்னாள். சான்றிதழ் கொடுக்கும்போது எங்கள் பெயரையும் கூப்பிட்டார்கள். இவர் போகவில்லை. நானும் போகவில்லை. பொய்ச் சான்றிதழை எந்தச் சுவரில் மாட்ட?

பேருந்தில் ஏறியதும் இவர் சன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"பொம்பளப் பிள்ள. ரெண்டே முக்கா கிலோ. முந்தாநாள் சாயந்தரம் வலி வந்துருக்கு. நேத்து ராத்திரி கத்தி வச்சி எடுத்துட்டாவ."

"யாருக்கு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"நமக்கு" என்றார்.

அவ்வளவுதான். இது நேற்று.

இன்று காலை கடலோரம் போனோம். கடல் என்கிறார்கள், ஏரிதான். பேதுருவிடம் ஆண்டவர், "நீ என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தடவை கேட்ட கரை. மற்றவர்கள் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் லெயோ சாமியாரை ஓரமாக அழைத்துப்போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றேன். ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார். மாதாவின் முன் செய்த சத்தியத்தைச் சொன்னேன். ஊரார் வாயை அடைக்கத்தான் இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அது வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை.

"மாதாவுக்குக் குடுத்த வாக்கு சாமி. மீறலாமா?"

"நீங்க சொன்னீய. மாதா சரின்னு சொன்னாவளா?"

"மாதா எப்படி சாமி சொல்லுவாவ?"

"அப்பம் அது வாக்கில்ல. நீங்க கத்துனது, அவுக கேட்டுக்கிட்டு நின்னாவ. பிள்ளயப் பாக்க மாட்டேன்னு ஒரு தாய்க்கிட்டயே போயி சத்தியம் பண்ணியிருக்கீய. வேற எடமே கெடைக்கலயா?"

சின்னப் பையன். எனக்கு என்ன பேச்சுப் பேசுகிறார்!

"பரிகாரம் சொல்லுங்க சாமி."

"அந்த வீட்டு நடைய மிதிங்க. அதான் பரிகாரம்."

"அது ரொம்பச் செரமம் சாமி. ஐம்பத்து மூணு மணி ஜெபமால, ஒரு மாசம் சொல்லுதேன். முழங்கால்ல மாதா கோயில மூணு சுத்து சுத்துதேன்."

"முழங்கால் எல்லாம் வேண்டாம். பஸ்ஸுலயே போங்க" என்று சிலுவை போட்டுவிட்டு எழுந்துவிட்டார். பேரம் பேச இடம் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

விமானம். எஸ்கலின் அக்கா தூக்கத்தில் மன்றாட்டு மாலை சொல்கிறாள்.

பிப்ரவரி 13, புதன். நாசரேத் (திருச்செந்தூர் போகிற வழி)

வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தோம். இவர் வீட்டு முகவரி சொல்ல வாயெடுத்தார். நான், "நாசரேத்துக்கு விடுங்க தம்பி" என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டு, ஒரு சேல மாத்திட்டு…"

"வேண்டாம். வீட்டுக்குப் போனா எனக்குப் புத்தி வந்துரும்."

சம்பந்தி அம்மாள் தங்கபுஷ்பம் டீச்சர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சின்னச் சின்னத் துணி. எங்கள் பெட்டிகளையும் எங்களையும் பார்த்தார்.

"வாங்க மைனி. வழி தெரிஞ்சுதா?" என்றார்.

"எருசலேமுக்கே வழி கண்டுபிடிச்சிட்டோம்" என்றேன்.

"அது சுலபம். கொடி பிடிச்சிக் கூட்டிப் போவாவ" என்றார். மனத்துக்குள் பாராட்டினேன். பேசத் தெரிந்த பெண்பிள்ளை. நடையை மிதித்தேன். சிமெண்டு நடை. ஒன்றும் ஆகவில்லை.

ரெஜிலா கட்டிலில் படுத்திருந்தாள். மெலிந்து, முகம் வெளுத்து. என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பினாள். வயிற்றில் தையல், திரும்பும்போது வலித்திருக்கும். இருந்தும் திரும்பினாள். "வாங்கப்பா" என்றாள். இவர் மட்டும்தான் வந்திருக்கிறார் என்பதுபோல.

தொட்டிலுக்குக் குனிந்தேன்.

"எந்த ஆத்துத் தண்ணியில முங்கினாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் பிள்ளயத் தொடணும்னு சொல்லுங்கப்பா" என்றது சுவர்.

கழுவினேன். இரண்டு தடவை. டீச்சர் பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தார். கண்ணைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டு நெற்றி. அதில் பொய் இல்லை.

"ரெஜிலா, நம்ம வீட்டுக்கு வா. நாற்பது நாளும் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். டாக்சியில் ஒத்திகை பார்த்த வாசகம்.

"அந்த வீட்டு நடைய நான் மிதிக்கக் கூடாதுல்லப்பா? மாதாக்கிட்டச் சொல்லியிருக்காங்கல்ல?"

அந்தச் சத்தியத்தில் லெயோ சாமியார் என் பாதியைத்தான் அவிழ்த்துவிட்டார். அவள் பாதி அவளிடம்தான் இருக்கிறது.

இவர் என்னைப் பார்த்தார். டீச்சர் துணியை மடித்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் மரியாதை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் தாய் போய்த் தங்குகிற வழக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. கேட்டால் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்வார்கள்.

"மைனி, ஒரு பாய் இருக்குமா?" என்றேன்.

பிப்ரவரி 15, வெள்ளி. நாசரேத்

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கை. இந்த வீட்டில் ஒரு சுரூபம் இல்லை, ஒரு படம் இல்லை. சுவர் முழுக்க வசனம். திரும்புகிற பக்கமெல்லாம் பாடம் நடத்துகிறது. என் கையளவு மாதாவை அரிசி டின் மேல் வைத்தேன். காலையில் பார்த்தால் டீச்சர் மாதாவை நகர்த்தாமல், மூட்டையிலிருந்து அரிசி எடுத்திருக்கிறார். அந்த மட்டுக்கும் சரி.

எஸ்கலின் அக்கா போன் போட்டாள். "எங்கட்டி இருக்க? கோயில்ல சாட்சி சொல்லணும், புனித பூமியப் பத்தி."

"நாசரேத்துல இருக்கேன்."

"எந்த நாசரேத்துல?"

"பஸ்ஸு போறதுல."

"எத்தன நாளைக்கு?" என்றாள். தெரியாது என்றேன். நாளைக்குள் மூன்று தெருவுக்குப் போய்விடும். போகட்டும்.

பிப்ரவரி 18, திங்கள்

ரெஜிலா இன்னும் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மாமியாரிடம் கேட்கிறாள், நான் கொண்டுபோய்க் கொடுத்தால் குடிக்கிறாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். குறை கண்டுபிடிக்கத்தான். கிடைக்கவில்லை.

பால் போதவில்லை. பெத்லகேம் பொட்டலத்தை எடுத்து நீட்டினால் இந்த வீட்டுச் சுவர் எனக்கு வசனம் சொல்லும்; அது பெட்டியிலேயே இருக்கிறது. பிள்ளை ராகம் போட்டு அழுகிறது. டீச்சர் பூண்டுக் குழம்பு வைக்கிறார், நன்றாகத்தான் வைக்கிறார். ஆனாலும் இவர்கள் கடல் பார்க்காத ஜனம். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டுதான் கொடுக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்ல? வீட்டுக்குத் திரும்பிவிட்ட இவருக்குப் போன் போட்டு, கடற்கரையில் பால்சுறா வாங்கி முதல் பஸ்ஸில் கொண்டுவரச் சொன்னேன்.

"ஐஸ் வச்சா?" என்றார்.

"பின்ன, பூ வச்சா கொண்டாருவீய?"

பிப்ரவரி 20, புதன்

சுறா வந்தது. பஸ்ஸில் இவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். அவித்து, தோலுரித்து, பிசைந்து, பூண்டும் உள்ளியும் தட்டிப் போட்டு வதக்கினேன். டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்தார். "இதுதானா மைனி, மீன உதுத்துப் போடுறது?" என்றார். ஒரு வாய் தின்றார். மறு வாய் எடுக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ரெஜிலா தட்டை வழித்துத் தின்றாள்.

பிப்ரவரி 22, வெள்ளி

பிள்ளை நன்றாகத் தூங்குகிறது.

பிப்ரவரி 24, ஞாயிறு

பக்கத்து ஊரில் நம் கோவிலில் காலைப் பூசை பார்த்துவிட்டு வந்தேன். பிறகு டீச்சரும் மாப்பிள்ளையும் அவர்கள் கோவிலுக்குப் போனார்கள். வீட்டில் நான், அவள், பிள்ளை. நேற்று வந்த சுறாவில் மிச்சம் வைத்திருந்ததைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவளிடம் கேட்டுப் பதில் வராத பேச்சுகளையெல்லாம் இப்போது பிள்ளையிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"இதுல காரமே இல்ல."

பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை பேசவில்லை. நிமிர்ந்தேன். ரெஜிலா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் குடுக்கவளுக்குக் காரம் ஆகாதுட்டி" என்றேன்.

"சப்புன்னு இருக்கு. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாரி."

"ஆஸ்பத்திரில சுறாப்புட்டா குடுத்தாவ?"

"அங்க நீயா இருந்த?"

புனித பூமிக் கதை மூன்று மாதம் ஊரில் ஓடியது. இந்தக் கட்டிலுக்கு முன்னால் ஓடவில்லை. "இல்ல" என்றேன். "இருந்திருக்கணும்."

அவள் ஒரு கவளம் எடுத்தாள், தின்றாள், விரலை நக்கினாள். பிள்ளை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"நாளைக்கும் சுறா கொண்டாரச் சொல்லு அப்பாவ" என்றாள்.

"நாளைக்கு ஏதுட்டி சுறா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமல்லா."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். வலையை உலர்த்திவிட்டுப் பூசைக்குப் போவார்கள். திங்கள் விடியற்காலையில் கடற்கரையில் நாய்கூட நிற்காது. இதைக் கடற்கரையில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இவளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும்.

"அப்பம் செவ்வாக்கிழம" என்றாள்.

"செவ்வாக்கிழம கெடைக்கும்."

"நீ வச்சாத்தான் நல்லாருக்கும். அத்தைக்கு வராது."

"சப்புன்னு இருக்குன்ன?"

"சப்புன்னுதான் இருக்கு. இந்த மட்டம் காரம் போட்டு வையி" என்று சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினாள். பிறகு படுத்துக்கொண்டாள். இந்தப் பக்கமாகத் திரும்பி.

இவருக்குப் போன் போட்டு, செவ்வாய்க்கிழமைக்குச் சுறா சொல்லிவைக்கச் சொன்னேன். "எத்தன நாளைக்குன்னு சொல்லி வைக்கட்டும்?" என்றார். கிடைக்கிற மட்டும் என்றேன்.

காரம் போடச் சொல்லியிருக்கிறாள். போடமாட்டேன். பிள்ளைக்கு ஆகாது.